கடலை உருண்டையின் சத்துக் கணக்கு

பலகாரங்களில் சில நாக்குக்காகச் செய்யப்படுபவை; சில உடம்புக்காகச் செய்யப்படுபவை. ஜாங்கிரியை யாரும் "இது உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு தின்பதில்லை. தின்றுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். சுக்கு லேகியத்தை யாரும் ருசிக்காக இரண்டாம் முறை கேட்பதில்லை. இரண்டு நற்பெயரையும் ஒருங்கே சம்பாதித்துக்கொண்டு, குழந்தைகளிடமும் பாட்டிமார்களிடமும் ஏககாலத்தில் செல்வாக்குடன் விளங்குவது வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்த கடலை உருண்டைதான்.

இந்த நற்பெயரை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் நடக்கும் காரியங்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காலையில் பலகாரம் சாப்பிட மறுத்த பையனின் கையில் இரண்டு உருண்டையைக் கொடுத்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று, இதிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது" என்று அனுப்பிவிடுகிறோம். நீரிழிவு உள்ள தாத்தா சர்க்கரையைக் கண்ணாலும் பார்க்க மாட்டார். ஆனால் வெல்லம் போட்டதென்றால் கை தானாக நீளுகிறது. பிரசவித்த மருமகள் வெளுத்துப் போயிருந்தால், "வெல்லத்தில் இரும்பு இருக்கிறது, தினம் ஒரு கடலை மிட்டாய் தின்னட்டும்" என்று வைத்தியம் முடிந்துவிடுகிறது. இம்மூன்றில் ஒன்று பாதி சரி. மற்ற இரண்டும் ஆபத்தானவை. எது எப்படி என்பதைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். இந்த வாரம் அதைச் செய்வோம்.

முதலில் வேர்க்கடலையின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது நம் நாட்டுப் பயிரே அன்று. தென்னமெரிக்காவில் பிறந்து, கடல் கடந்து இங்கே வந்து குடியேறியது. தென்னாற்காட்டுப் பக்கத்தில் இன்றும் இதற்கு மணிலாக்கொட்டை என்று பெயர். அதுவே வழக்கில் தேய்ந்து மல்லாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலேறி, பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரத்தில் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது இந்த மல்லாட்டைதான். செடியின் பூ மேலே பூக்கிறது. பூ வாடியபின் அதன் காம்பு கீழ் நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு போய், உள்ளே காயாகிறது. கொட்டை என்று நாம் சொன்னாலும் இது முந்திரி, பாதாம் வகையைச் சேர்ந்ததன்று. துவரை, உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றின் நெருங்கிய உறவு. உறவுக்காரர்களிடம் இல்லாத ஒரு குணம் இதனிடம் இருக்கிறது. அவர்கள் மாவுப் பொருளைச் சேமித்து வைக்கிறார்கள். இது எண்ணெயைச் சேமித்து வைக்கிறது.

ஆகவே 100 கிராம் வேர்க்கடலைப் பருப்பில் சுமார் 25 கிராம் புரதமும், 40 முதல் 49 கிராம் வரை கொழுப்பும் இருக்கின்றன. ரகத்துக்கு ரகம் இது மாறும். உஷ்ணக் கணக்கில் சொன்னால் 100 கிராமுக்கு 520 முதல் 570 கலோரி வரை. இக்கொழுப்பில் ஏறக்குறைய பாதி, ஆலிவ் எண்ணெயைப் பெரிய மனிதர் வீட்டுச் சரக்காக ஆக்கிய அதே ஓலியிக் அமில வகையைச் சேர்ந்தது. கொலஸ்டிரால் இதில் கிடையாது; தாவரப் பொருள் எதிலுமே கிடையாது என்பதால், அதை எண்ணெய்ப் பாட்டிலின் மீது பெரிய எழுத்தில் அச்சடிப்பவர்கள் நமக்குப் புதிதாக ஒன்றையும் சொல்லிவிடவில்லை.

இனி உருண்டைக்கு வருவோம். வீட்டில் செய்யும் அளவு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 250 கிராம்; வெல்லம் 150 கிராம்; பாகு காய்ச்சக் கொஞ்சம் தண்ணீர்; வாசனைக்கு ஏலமோ சுக்கோ. தண்ணீர் ஆவியாகப் போய்விடும். ஆக 400 கிராம் பண்டம். எலுமிச்சங்காய் அளவைவிடச் சற்றுச் சிறிதாகப் பிடித்தால் 20 உருண்டைகள் வரும். ஒன்று 20 கிராம்.

கடலை தருவது சுமார் 1400 கலோரி. வெல்லம் தருவது 550. கூட்டி 20-ஆல் வகுத்தால், ஓர் உருண்டைக்கு நூற்றுக்கு இரண்டொன்று குறைவு. நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் உருண்டையில் புரதம் 3 கிராம். கொழுப்பு ஐந்தரைக் கிராம். வெல்லத்திலிருந்து வந்த சர்க்கரை 7 கிராம்.

நூறு கலோரி என்றால் எவ்வளவு? ஓர் இட்லியின் கணக்கையும் தாண்டிவிட்டது. நாம் இட்லியை எண்ணிச் சாப்பிடுகிறோம். இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு என்று இலையிலேயே கணக்கு இருக்கிறது. கடலை உருண்டையை யார் எண்ணுகிறார்கள்? டப்பாவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒன்று போகிறது. நாலு முறை திறந்து மூடினால் நாலு இட்லிக்கு மேலேயே ஆயிற்று, கையும் நனையவில்லை, இலையும் போடவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்க உறவு ஒன்றை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்நாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகளும் பெண்களும் இப்போது நம் அடுக்களைகளிலேயே அதைக் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். பீநட் பட்டர் ஃபட்ஜ் என்பது அதன் பெயர். வேர்க்கடலையை வெண்ணெய்போல் அரைத்த விழுதைச் சர்க்கரைப் பாகிலும் பாலிலும் கலந்து இறுக வைத்த மிட்டாய். விழுதுக்கு 1884-இல் கனடாவைச் சேர்ந்த மார்செலஸ் எட்சன் என்பவர் அமெரிக்காவில் உரிமை பெற்றார்; பின்னர் 1895-இல், பேட்டில் கிரீக் என்னும் ஊரில் ஆரோக்கிய நிலையம் நடத்திய டாக்டர் கெல்லாக், பல் போன நோயாளிகளுக்கும் மாமிசம் உண்ணாதவர்களுக்கும் உகந்த ஆகாரமென்று கொட்டைகளை வேகவைத்து அரைக்கும் தம் முறைக்கு உரிமை கோரினார். வேர்க்கடலை என்றவுடன் நினைவுக்கு வரும் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் இதைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வதுண்டு, அது சரியன்று. வேர்க்கடலையை உண்ணத் தக்கதாகச் சமைக்க 105 வழிகளை விவரித்து 1916-இல் அவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். பருத்தியால் சாரமிழந்த நிலத்தை நம்பியிருந்த ஏழை நீக்ரோ விவசாயிகளுக்கு அது செய்த உபகாரமே அவர் புகழுக்குப் போதும். ஃபட்ஜ் என்னும் பாகு மிட்டாயோ பெண்கள் கல்லூரி விடுதிகளில் வளர்ந்தது. 1888-இல் வாஸர் கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு விற்பனைக்காக அதை 30 பவுண்டு கிளறினாளாம். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று விளக்கேற்றி வைத்துக்கொண்டு மிட்டாய் கிளறுவது எல்லா தேசத்து விடுதிகளுக்கும் பொது என்று தெரிகிறது.

அந்த ஃபட்ஜுக்கும் ஒரு கணக்குப் போடுவோம். வழக்கமான வீட்டு அளவு: சர்க்கரை 400 கிராம், பால் 120 மில்லி, வேர்க்கடலை விழுது 200 கிராம், வெண்ணெய் 30 கிராம். சர்க்கரை 1600 கலோரி, விழுது 1200-க்குச் சற்றுக் குறைவு, வெண்ணெய் இருநூற்றுச் சொச்சம், பால் எண்பதுக்குள். மொத்தம் 3000-க்கு மேல். கிளறி இறக்கினால் ஏறக்குறைய 700 கிராம் தேறும். 36 வில்லைகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் 19 கிராம் அளவில் நிற்கும். ஒரு வில்லைக்கு 85 கலோரி, புரதம் ஒன்றரைக் கிராமுக்குள், கொழுப்பு மூன்றரை, சர்க்கரையோ 11 கிராம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. கலோரி மட்டும் பார்ப்பவர் நம் உருண்டையை விட்டு ஃபட்ஜையே தேர்ந்தெடுப்பார். ஏனெனில் அதில் 15 கலோரி குறைவு. ஆனால் அந்த 85-இல் பாதிக்கு மேல் வெறும் சர்க்கரை. நம் உருண்டையின் நூறில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வேர்க்கடலை. ஒன்று கடலையை ஒட்டவைப்பதற்காக இனிப்பைச் சேர்த்தது. மற்றது இனிப்புக்கு மணம் கொடுப்பதற்காகக் கடலையைச் சேர்த்தது. கலோரியைப் பற்றிய பேச்சு எவ்வளவு தூரம் பிரயோஜனப்படும், எந்த இடத்தில் நின்றுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. முழுக் கடலையாகக் கடித்துத் தின்னும்போது, எவ்வளவு மென்றாலும் அதன் நுண்ணறைகளில் சில உடையாமலே குடலைக் கடந்துவிடுகின்றன. அவற்றுக்குள் அடைபட்ட எண்ணெய் உடம்பில் சேர்வதில்லை. விழுதாக அரைத்துவிட்டால் அந்தக் கழிவு மிகக் குறைந்துவிடுகிறது. ஆகையால் காகிதத்தில் நூறு என்று வந்த நம் உருண்டை வயிற்றில் நூறுக்குக் குறைவாகவே கணக்காகிறது. வில்லையின் 85-இல் அநேகமாகத் தள்ளுபடி இல்லை.

ஆனால் இந்தப் பெருமையெல்லாம் கடலைக்கும் வெல்லத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதை மறக்கக்கூடாது. 250-க்கு 150 என்றதை 200-க்கு 200 என்று மாற்றிப் பாருங்கள். உருண்டை அதே எடைதான், இன்னும் பளபளப்பாகக்கூட இருக்கும். புரதம் இரண்டரைக் கிராமாக இறங்கி, சர்க்கரை ஒன்பது கிராமாக ஏறிவிடும். வெல்லத்தைவிடக் கடலை விலை கூடுதலாக விற்கும் நாளில் கடைச் சரக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் பூமியான கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர் மிட்டாயை ஒடித்துப் பார்த்தால் பாகு கண்ணுக்குத் தெரியாமல் கடலைப் பருப்பு நெருக்கமாக நிற்பதைக் காணலாம். வீட்டிலும் அதுவே லட்சியமாக இருக்கட்டும்.

இப்போது வெல்லத்தின் இரும்புக்கு வருகிறேன். இவ்விஷயத்தில்தான் நம் குடும்பங்களில் மிகுந்த ஏமாற்றம் நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் வெல்லமே மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கும்!

வெல்லத்தில் இரும்பு இருப்பது உண்மை. 100 கிராமுக்கு இரண்டரை முதல் நாலரை மில்லிகிராம் வரை இருக்கும். காய்ச்சும் கொப்பரையைப் பொறுத்தும் மாறும். வெள்ளைச் சர்க்கரையில் அதுவும் இல்லை. ஆனால் பருவமடைந்த பெண் ஒருத்திக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வகுத்திருக்கிறது. வெல்லத்திலிருந்தே அதைப் பெறுவதானால் தினந்தோறும் ஏறக்குறைய முக்கால் கிலோ வெல்லம் உண்ண வேண்டும். கடலையிலுள்ள இரும்பையும் சேர்த்துக்கொண்டு உருண்டைக் கணக்கில் சொன்னால், ஓர் உருண்டையில் முக்கால் மில்லிகிராம் அளவில் இருக்கலாம். 29-க்கு முப்பதுக்கு மேற்பட்ட உருண்டைகள் ஆகும். அதாவது 3000 கலோரிக்கும் அதிகம். அப்படியும் தீரவில்லை. கடலையிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை எடுத்துக்கொள்ளவிடாமல் செய்கிறது. நெல்லிக்காயோ, கொய்யாவோ, எலுமிச்சம்பழச் சாறோ கூடச் சேர்ந்தால் அப்பிடி கொஞ்சம் தளரும். காப்பியோ தேயிலையோ கூடச் சேர்ந்தால் இன்னும் இறுகும். சாயங்காலம் காப்பியுடன் கடலை மிட்டாய் கடிக்கும் சகோதரிகள் இதைக் கவனிப்பார்களாக.

சோகை உள்ள பெண்ணுக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனையும், வைத்தியர் தரும் இரும்பு மாத்திரையும், கீரையும் பயறும் பழமும் உள்ள சாப்பாடும். மாதக்கணக்கில் வெல்லத்தை நம்பிக் காத்திருப்பதனால் நஷ்டமடைவது அவளும், அவள் வயிற்றிலிருந்தால் அந்தக் குழந்தையும்.

தாத்தாவின் விஷயம் இதைவிட எளிது. வெல்லமும், நாட்டுச் சர்க்கரையும், கருப்பட்டியும் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையின் அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் வேறு. இரத்தத்தில் சேர்ந்தபின் வித்தியாசம் சொற்பம். 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். வெல்லத்தைப் பற்றிய இந்த ஒரு மூடநம்பிக்கையை அவர்களிடமிருந்து நீக்கினால் எவ்வளவோ நன்மை உண்டாகும். அப்படியானால் அவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வேர்க்கடலை அவருக்குப் பகையன்று, வெல்லந்தான். உப்பில்லாமல் வறுத்ததோ அவித்ததோ ஒரு சிறு கைப்பிடி தின்றால் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாது. உருண்டையாகப் பிடிக்காமல் உதிரியாகவே கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

ஆரோக்கியமாயிருப்பவர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. நாம் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் இனிப்பு, மொத்தக் கலோரியில் நூற்றுக்குப் பத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நலம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் சொல்லியது. 2000 கலோரி உண்பவருக்கு ஐந்து என்பது 25 கிராம். இரண்டு வேளைக் காப்பியிலேயே பதினைந்து, இருபது கிராம் போய்விடுகிறது. மிச்சமிருப்பது ஓர் உருண்டைக்கு இடம்.

பள்ளிக்கூடம் போகும் பையனைப் பற்றியது பாதி சரி என்றேன். ஏழு முதல் ஒன்பது வயதுள்ள குழந்தைக்கு நாளைக்குச் சுமார் 23 கிராம் புரதம் வேண்டும். இரண்டு உருண்டைகள் அதில் கால் பங்கைத் தருகின்றன. பி வகை ஜீவசத்துக்களில் நியாஸின் என்பது வேர்க்கடலையில் தாராளமாக உள்ளது. வறுத்தாலும் அது அழிவதில்லை. தயாமின் என்னும் மற்றொன்று வறுக்கும்போது பெருமளவு அழிந்துவிடுகிறது. கடலையை மணம் வந்தவுடன் இறக்காமல் கருக வறுப்பவர்கள் இதை அடுப்புக்கே நைவேத்தியம் செய்துவிடுகிறார்கள்.

ஆனால் புரதத்தில் அளவு மட்டும் பார்த்தால் போதாது. புரதம் என்பது பல அமினோ அமிலங்களால் தொடுத்த மாலை. வேர்க்கடலைப் புரதத்தில் லைஸின் என்னும் மணியும் மெத்தியோனின் என்னும் மணியும் குறைவு. கடலைப் பருப்பிலும் பயறுகளிலும் லைஸின் மிகுதி; எள்ளில் மெத்தியோனின் மிகுதி. நம்மவர்கள் பொட்டுக்கடலையையும் எள்ளையும் வேர்க்கடலையுடன் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பது எந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கியதோ நான் அறியேன். ஆயினும் காரியம் சரியானது. மைசூரிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் ஏழை மக்களுக்காகத் தயாரித்த பலவித உபயோக உணவு என்பதும் இதே சேர்க்கைதான். எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு முக்கால் பங்கு, கடலை மாவு கால் பங்கு, அதனுடன் ஜீவசத்துக்கள். 250 கிராம் வேர்க்கடலையில் 60 கிராமைக் குறைத்துப் பொட்டுக்கடலையும், ஒரு கைப்பிடி எள்ளும் சேர்த்தால் உங்கள் வீட்டு உருண்டையும் அந்த வரிசையில் இடம் பெறும்.

வேர்க்கடலைப் பண்டம் ஒன்று மெய்யாகவே மருந்தாகிய கதையும் இருக்கிறது. 1996-இல் பிரான்ஸ் தேசத்து ஆந்த்ரே பிரியாண் என்னும் குழந்தை வைத்தியரும் நியூட்ரிசெட் என்னும் கம்பெனியாரும் சேர்ந்து பிளம்பிநட் என்பதைத் தயாரித்தார்கள். வேர்க்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், அளந்து சேர்த்த ஜீவசத்துக்கள், தாதுக்கள். ஏறக்குறைய நம் ஃபட்ஜின் கூட்டுத்தான்! 92 கிராம் உள்ள ஒரு பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், சீக்கிரம் கெடுவதுமில்லை. 2005-இல் நைஜர் நாட்டில் பஞ்சம் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல் தாய்மார்களே வீட்டில் வைத்து இதைக் கொடுத்துத் தேற்றினார்கள். நாலைந்து உருண்டைகளின் எடையில் 500 கலோரியை அடக்கும் வல்லமை ஒரு குழந்தைக்கு உயிர். சாப்பாடு குறைவின்றிக் கிடைக்கும் வீட்டில் அதே வல்லமை அரைஞாணை இறுக்குகிறது. ஆனால் அங்கே உயிர் காத்தது கடலையும் சர்க்கரையும் மட்டுமல்ல. அளந்து சேர்த்த பாலும் தாதுக்களும் சேர்ந்துதான். வீட்டு உருண்டையை அதற்குப் பதிலாகக் கொடுத்து மெலிந்த குழந்தையை வைத்தியரிடம் காட்டாமலிருப்பது தவறு.

மகாத்மா காந்தியும் வேர்க்கடலை விழுதின் பிரியர் என்பது பலருக்குத் தெரியாது. 1918-ஆம் ஆண்டு கேடா ஜில்லாவில் ஊர் ஊராக நடந்து அலைந்த நாட்களில் அவருடைய ஆகாரம் முக்கியமாக வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமும். அதை அளவு மீறி உண்டால் கெடுதல் என்று தெரிந்தும் அப்படி உண்டதாகவும், அதனால் வயிற்றுக் கடுப்புக் கண்டதாகவும் தம் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். அந்நோய் பின்னர் முற்றி மரணத்தின் வாசல்வரை அவரைக் கொண்டுபோயிற்று. ஆட்டுப்பால் அருந்த அவர் இணங்கியதும் அந்த நோயினால்தான். ருசியை வெல்வதையே விரதமாகக் கொண்டவரையே கடலை வெண்ணெய் வென்றதென்றால், டப்பாவைத் திறந்து மூடும் நம்மைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

இவ்வளவும் சொல்லி, இன்னும் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஆராய்ந்ததில், அவற்றுக்குத் தீனியாகப் போட்ட வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பூத்திருந்ததும், அப்பூசணம் ஒருவகை விஷத்தைச் சுரந்ததும் தெரியவந்தன. அஃப்ளடாக்ஸின் என்று அவ்விஷத்துக்குப் பெயர் வைத்தார்கள். மனிதருக்கும் நாளடைவில் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்க வல்லது அது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் இப்பூசணம் எளிதில் பிடிக்கும். வறுத்தால் விஷம் கொஞ்சம் குறையும், முழுதும் போகாது. வெல்லப் பாகு அதன் கசப்பை மறைத்துவிடும் என்பதால் மிட்டாயில் கண்டுபிடிப்பதும் கடினம்.

வீட்டில் செய்வதன் பெரிய லாபம், என் அபிப்பிராயத்தில், கலோரியிலோ புரதத்திலோ இல்லை, முறத்திலே இருக்கிறது. கடலையை வறுப்பதற்கு முன் முறத்தில் பரப்பி, சுருங்கினவை, கறுத்தவை, பச்சை பூத்தவை, முளைவிட்டவை, பூச்சி அரித்தவை அத்தனையையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கோழிக்கும் போடக்கூடாது, மாட்டுக்கும் வைக்கக்கூடாது. வறுத்தபின் ஒன்றிரண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தச் சரக்கையே மாற்றுங்கள். பத்து ரூபாய்க் கடலைக்குத் தயங்குகிற இடம் இதுவன்று. வெல்லத்திலும் மஞ்சள் பூத்து வெளிறியதை விடக் கறுப்பாயிருப்பதையே வாங்குவது நலம். வெளுப்பதற்காக ஹைட்ராஸ் என்னும் ரசாயனம் போடும் வழக்கம் இருக்கிறது. எதுவானாலும் கரைத்து வடிகட்டிய பிறகே பாகு வையுங்கள். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் மறுமுறை சொல்ல வேண்டியதிராது.

பாகின் பதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃபட்ஜுக்கு, தண்ணீரில் விட்டால் விரலால் உருட்ட வரும் மெதுவான பதம் போதும். உஷ்ணமானியில் 115 பாகை அளவு. நம் உருண்டைக்கு அதைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து, பாத்திரத்தின் மேல் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்க வேண்டும். உடனே இறக்கி, கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூடு ஆறுமுன் பிடித்துவிட வேண்டும். பதம் முந்திவிட்டால் உருண்டை பல்லில் ஒட்டும். பல்லில் ஒட்டும் இனிப்பு பல்லுக்குச் சத்துரு. ஆகையால் இது ருசி சம்பந்தமான விஷயம் மட்டுமல்ல.

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை உள்ள உருண்டையைக் கொடுக்கவே கூடாது. மூச்சுக் குழலில் பருப்பு சிக்கினால் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். கடலையை நன்றாக இடித்து மெத்தென்ற பொடியாக்கிக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. உதடு வீங்குதல், உடம்பெல்லாம் தடித்தல், இரைப்பு ஆகியவை கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்குப் பயந்து ஒரேயடியாக ஒதுக்கிவைப்பதும் நல்லதன்று. கைக்குழந்தைப் பருவத்திலேயே மெல்லப் பழக்கினால் இந்த ஒவ்வாமை குறைகிறது என்று லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. குழந்தைக்குக் கரப்பான் முதலிய தோல் வியாதி இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

செய்த உருண்டைகளை நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத டப்பாவில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் இரண்டு மூன்று வாரம் கெடாது. அதற்குமேல் வைத்தால் கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். டப்பாவின் மூடியில் செய்த தேதியையும் உருண்டைகளின் எண்ணிக்கையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். தேதி வாடைக்காக, எண்ணிக்கை வீட்டிலுள்ளவர்களுக்காக.